பத்தொன்பது உயிர்களும் ஒரு குப்பியும்

நம் சங்க மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "நான் சோதனைக்கூடத்து ஆள் சார், ராஜா ராணி கதையெல்லாம் எனக்குத் தெரியாதே" என்றேன். "உங்க தொழிலுக்கும் ஒரு வரலாறு இருக்குமே, அதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

உயிர்ச் செல்களைக் குடுவையில் வளர்க்கும்போது அதில் பாக்டீரியா புகுந்துவிட்டதா என்று கண்டறிவதே என் வேலையாக இருந்தது. ஓய்வுக்குப் பின் மைசூர் விஜயநகரில் குடியிருக்கிறேன். எங்கள் பேட்டையின் அகன்ற தெருக்களுக்கும் பாக்டீரியாவுக்கும்கூட ஒரு உறவு உண்டு. 1898-இல் பெங்களூரில் புகுந்த பிளேக், மைசூர் நகரத்தையும் விடவில்லை. நெருக்கடியான பழைய தெருக்களைச் சீர்செய்து ஊரை விரிவாக்க 1903-இல் மைசூரில் சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் போர்டு அமைக்கப்பட்டது. அன்று தொடங்கிய லேஅவுட் வழக்கத்தின் தொடர்ச்சிதான் பிற்காலத்து விஜயநகரும்.

அந்தப் பிளேக்குக்குத் தடுப்பூசி கண்டவர் வால்டெமார் ஹாஃப்கின். கருங்கடல் கரையிலுள்ள ஒடெஸ்ஸாவில் பிறந்த யூதர். பம்பாயில் தயாரித்த மருந்தை 1897 ஜனவரி 10-ஆம் தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர். அவருடைய முறை நம் வீட்டுச் சமையலறைக்கு ரொம்ப தூரமில்லை. இறைச்சிச் சாற்றின் மேல் சில துளி நெய்யோ தேங்காய் எண்ணெயோ மிதக்கவிடுவார். பிளேக் கிருமி அந்தத் துளிகளைப் பற்றிக்கொண்டு, ஆலமரத்து விழுதுபோலக் கீழே தொங்கித் தொங்கி வளரும். அந்த விழுதுகள்தான் உள்ளே இருப்பது பிளேக் கிருமி என்பதற்கு அடையாளம். வேறு கிருமி கலந்தால் சாறு கலங்கும், விழுது ஒழுங்காக இறங்காது. கண்ணையே கருவியாகக் கொண்ட சோதனை அது. பிறகு சூடாக்கிக் கிருமியைக் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்த்துக் குப்பியில் அடைப்பார்கள்.

தேவை பெருகப் பெருக, தயாரிப்பைச் சற்று மாற்றினார்கள். கார்பாலிக் அமிலமும் விடப்பட்டது. இந்த நிலையில் 1902 அக்டோபர் 30 அன்று, பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். 53என் என்று எண்ணிட்ட ஒரே குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேருக்கு, சுமார் ஒரு வாரத்தில் டெட்டனஸ் கண்டது. 19 பேரும் இறந்தனர். மற்றக் குப்பிகளில் போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றுமில்லை.

அந்தக் குப்பியில் டெட்டனஸ் கிருமி கலந்திருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது எங்கே, எப்போது உள்ளே போயிற்று என்பதுதான் கேள்வி. விசாரணைக் குழு, குப்பியைத் திறப்பதற்கு முன்பே, அதாவது பம்பாய்ச் சோதனைக்கூடத்திலேயே கலந்திருக்க வேண்டும் என்றது. ஹாஃப்கின் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்.

ஆனால் கிராமத்தில் நடந்த ஒன்று சாட்சியத்திலேயே இருந்தது. குப்பியைத் திறக்கையில் உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்திருக்கிறது. அதை நெருப்பில் காட்டாமல், கார்பாலிக் நீரில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்தினார். டெட்டனஸின் வித்துக்கள் வசிக்கும் இடமே மண்ணும் சாணமும்தான். மேலோட்டமான அலசலுக்கெல்லாம் அவை சாகாது. மேலும் அந்தக் கிருமி ஒரு குப்பிக்குள் பல நாள் வளர்ந்திருந்தால் நாற்றமெடுத்திருக்கும். திறந்தபோது அப்படி ஒரு வாடையும் இல்லை என்பது ஊசி போட்ட மருத்துவரின் வாக்குமூலம். மிச்ச மருந்தைச் சோதித்ததோ பல நாள் கழித்து. திறந்த குப்பியில் பின்னர் கண்ட கிருமி, அது புகுந்த நேரத்தைச் சொல்லுமா?

இந்த வாதங்களை எடுத்துப் போராடியவர், மலேரியா ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ். 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் இதழில் பத்து அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட கடிதம் வெளிவந்தது. அந்த ஆண்டே ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கியது. ஆனாலும் அவர் கட்டி எழுப்பிய பம்பாய்க் கூடத்துக்கு அவர் திரும்பவில்லை. கல்கத்தாவுக்குத்தான் வந்தார். 1925-இல் அந்தப் பம்பாய்க் கூடத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். நியாயம் வந்தது, ஆனால் தாமதமாக.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே குத்தும். 1980-களில் நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில் குடுவைகள் தொடர்ந்து கெட்டுப்போயின. செல் வளர்க்கும் ஊடகத்தில் ஃபீனால் சிவப்பு என்ற சாயம் உண்டு. பாக்டீரியா பெருகி அமிலம் சுரந்தால் சிவப்பு மஞ்சளாகும், தெளிவு கலங்கலாகும். மறுநாள் காலையில் பார்த்தாலே தெரிந்துவிடும். ஊடகம் கலக்கும் இளைஞரைக் கூப்பிட்டு, "உன் கை சுத்தமில்லைப்பா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவரை வேறு பிரிவுக்கு மாற்றியாயிற்று. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மஞ்சள்!

அப்புறம்தான் முதலிலேயே செய்ய வேண்டியதைச் செய்தேன். செல் போடாத வெறும் ஊடகப் புட்டிகளில் பாதியைச் சுடுநீர்த் தொட்டியில் வைத்தும், பாதியை நீர் படாமலும் சூடாக்கி, அடைகாப்புப் பெட்டியில் வைத்தேன். தொட்டியில் நனைந்தவை மட்டும் கலங்கின. தொட்டித் தண்ணீரைத்தான் யாரும் மாற்றவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். அந்தத் தம்பியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார். இன்றும் அந்தச் சொல் மறக்கவில்லை.

கலங்காமலே கெடுக்கும் கிருமியும் உண்டு. மைக்கோபிளாஸ்மா என்று பெயர். செல்சுவர் இல்லாததால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. செல் வளர்ப்புகளில் அது ஒளிந்திருப்பதை 1956-இல் கண்டுபிடித்தார்கள். இன்று அதைப் பிடிக்க ஒளிரும் சாயமும் பி.சி.ஆர். சோதனையும் இருக்கின்றன. கருவி வளர்ந்திருக்கிறது; ஆனால் கிருமி எந்த வழியாக வந்தது என்பதை எந்தக் கருவியும் தானாகச் சொல்வதில்லை. அதை ஒரு மனிதன் பொறுமையாக விசாரித்தே ஆகவேண்டும்.

தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொன்னதை, நம் பிள்ளைகள் இங்கே மைசூரில் ஆய்வகங்களில் நுழையும்போது சொல்லி அனுப்புவோம். கெட்டுப்போன குடுவையைக் கொட்டிவிட்டு வேறு வளர்த்துக்கொள்ளலாம். ஒரு மனிதரின் பெயரை அப்படிச் செய்ய முடியாது.