முதல் ஆட்டம் பரமபதம்

நாலு வயதுப் பேரனுக்கு முதலில் எந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பது? பல்லாங்குழி எண்ணப் பழக்கும். ஆனால் சோழி நேரே வாய்க்குப் போகிறது. ஆடுபுலி ஆட்டத்துக்கு இன்னும் மூன்று வருடமாவது ஆகட்டும். பரமபதத்தை எடுத்தேன்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க நம் பாட்டிகள் விரித்த படம். ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் வைகுண்டம். நம் நாட்டு ஆட்டம் 1890-களில் இங்கிலாந்தில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. 1943-இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புகளை எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. குழந்தைகளுக்குப் பாம்பு பிடிக்காதாம்!

என் பேரனுக்குப் பாம்பு பயமில்லை. உச்சிக்குப் பக்கத்தில் கடிபட்டுக் கீழே இறங்கியபோதுதான் அழுதான். "கட்டையைக் கொஞ்சம் திருப்பி வையுங்களேன்" என்றாள் என் மனைவி. நான் வைக்கவில்லை. இதில் யோசனைக்கு வேலையில்லை. கட்டை விழுந்தபடி நகர வேண்டியதுதான். தாத்தாவும் பேரனும் சரிசமம். சின்னக் குழந்தைக்கு இதை முதலில் கொடுக்கச் சொல்வது அதனால்தான்.

அடுத்த சுற்றில் அதே பாம்பு என்னைக் கடித்தது. கண்ணீர் காயாத முகத்தோடு கைதட்டினான்.