மலை ஏறிய லினக்ஸ்

1870 முதல் மதராஸ் மாகாண அரசு கோடைதோறும் ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஆளுநரோடு குமாஸ்தாக்களும் கோப்புக் கட்டுகளும் மலை ஏறினார்கள். வேலை நடக்கும் இடத்தில் காகிதமும் இருந்தாக வேண்டிய காலம். அந்தக் கட்டாயம் உடைந்த கதையில் 1995 என்ற ஆண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் ஊட்டிக்கும் ஓர் இடம் உண்டு.

அந்த ஆண்டு ஏப்ரலில் அப்பாச்சி வெப் சர்வரின் முதல் பொது வெளியீடு வந்தது. அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் எழுதப்பட்ட பழைய சர்வர் கவனிப்பாரற்றுப் போக, அதைப் பயன்படுத்தி வந்த சிலர் தங்கள் திருத்தங்களை ஒன்றுசேர்த்ததில் பிறந்தது அது. ஜூலையில் பின்லாந்தின் டாட்டு யிலோனன் எஸ்.எஸ்.எச். நிரலை வெளியிட்டார். தொலைவில் உள்ள கணினிக்குள், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி, நுழைய அது வழி செய்தது. ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அக்டோபரில் சிங்கப்பூரில் கணித்தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் வலையேறின.

வி.எஸ்.என்.எல். டயல்-அப் அப்போது நொடிக்கு 9.6 கிலோபிட் வேகம். அதாவது சுமார் 1,200 எழுத்துகள். பெருநகரங்களுக்குத்தான் அதுவும். உள்ளூரில் இணைப்பு மையம் இல்லாதவர் எஸ்.டி.டி. கட்டணம் கொடுத்து அழைக்க வேண்டும்.

இந்த மெல்லிய கம்பிக்குக் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் ஏன் பொருந்தியது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். வரிக்கு 80 எழுத்து, 24 வரி கொண்ட எழுத்துத் திரையில் 1,920 எழுத்துகள். அந்த வேகத்திலும் அது இரண்டு நொடிக்குள் வந்துவிடும். 640க்கு 480 புள்ளிகள், 16 நிறம் கொண்ட படத்திரையை அப்படியே அனுப்பினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். லினக்ஸ் சர்வரை அமைப்பது முழுக்க எழுத்து வேலை. மலையில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

நிரல் மட்டும் எப்படிக் கைக்கு வந்தது? 1996 மார்ச்சில் பிசி குவெஸ்ட் என்ற கணினி இதழ் ஸ்லாக்வேர் லினக்ஸை ஒரு சிடியில் வைத்துக் கொடுத்தது. அந்த முயற்சிக்குப் பின்னால் நின்றவர் தொழில்நுட்ப எழுத்தாளர் அதுல் சிட்னிஸ். தபாலில் வரும் இதழோடு ஒரு முழு இயங்குதளம் வீட்டுக்கு வருவது இணைப்பு எட்டாத ஊர்களுக்கு எவ்வளவு பெரிய கொடை!

நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும். 1998இல் வந்த அப்பாச்சி 1.3ஐ மூல நிரலிலிருந்து கட்டுபவர் கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளைகளை வரிசையாகத் தட்டுவார். பிறகு எச்.டி.டி.பி.டி. கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து, சர்வரின் பெயர் என்ன, பக்கங்கள் எந்த அடைவில் இருக்கின்றன, எந்த போர்ட்டில் காத்திருக்க வேண்டும் என்று எழுதுவார். வழக்கமான போர்ட் 80. 1024க்குக் கீழே உள்ளதால் அதைத் திறக்க ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் தேவை. அதனால் தாய்ச் செயலி ரூட்டாகத் தொடங்கும். வெளியாருக்குப் பதில் சொல்லும் சேய்ச் செயலிகள் அதிகாரம் இல்லாத பயனராக ஓடும். யாராவது உள்ளே புகுந்தாலும் முழு இயந்திரமும் கைமாறாமல் காக்கும் அழகான ஏற்பாடு இது. கடைசியாக, அமைப்புக் கோப்பைச் சரிபார்க்கும் கன்ஃபிக்டெஸ்ட் கட்டளை. 'சின்டாக்ஸ் ஓகே' என்று திரையில் வந்தால்தான் மூச்சு வரும். டெபியன் லினக்ஸின் ஆப்ட் என்ற நிறுவல் கருவி பரவிய பின் கட்டும் பாடு ஒரே வரியாகச் சுருங்கியது. அமைப்புக் கோப்பை வாசித்துப் புரிந்துகொள்ளும் வேலை மட்டும் குறையவில்லை.

அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். சென்னை லினக்ஸ் பயனர் குழு அதைச் செய்தது. 2005இல் மத்திய அரசின் ஆதரவில் என்.ஆர்.சி.ஃபாஸ் என்ற கட்டற்ற மென்பொருள் வள மையம் உருவானது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் அதை நடத்தின. அந்த மையத்தோடு சேர்ந்து உழைத்தவர்களில் ஒருவர் ஊட்டிவாசி கென்னத் கொன்சால்வெஸ். பைத்தான் மொழியையும், அதில் எழுதப்பட்டு 2005இல் வெளியான ஜாங்கோ என்ற வலைத்தளக் கட்டமைப்பையும் இந்தியாவில் பரப்பியவர்களில் முன்வரிசைக்காரர். அப்பாச்சிக்குப் பின்னால் ஜாங்கோவை மாட்டி ஒரு தளத்தை எழுப்புவது அந்நாளில் பலருக்குப் புதிராக இருந்த வித்தை.

தேயிலை, சின்கோனா, மலை ரயில் என்று நீலகிரி வரலாற்றை எழுதுவோர் இவரைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ள வேண்டும். பெங்களூருவுக்கோ சென்னைக்கோ குடிபெயராமலே நாட்டின் நிரலாளர் சமூகத்தில் ஒரு மையப் புள்ளியாக இருக்க முடியும் என்பதற்கு, அது வழக்கமாவதற்கு முன்பே, அவர் சான்றாக இருந்தார்.

2009இல் பெங்களூருவில் முதல் பைகான் இந்தியா மாநாடு நடந்தது. அந்த மாநாட்டுத் தொடரோடு இணைந்த இந்திய பைத்தான் சங்கத்தின் தொடக்ககாலத் தூண்களில் கென்னத்தும் ஒருவர். 2012 ஆகஸ்டில் அவர் காலமானார். அதே ஆண்டு சங்கம் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. கட்டற்ற மென்பொருளுக்குத் தொடர்ந்து உழைப்பவர்களுக்கு அது வழங்கப்படுகிறது.