குளங்களும் மீன்செல்வமும்

ஈழநாட்டின் வரலாறு குளங்களின் வரலாறே எனக் கூறின் அது மிகையாகாது. மகாசேனன் அமைத்த மின்னேரியும், தாதுசேனன் கட்டுவித்த கலாவாவியும், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பெருக்கிய பராக்கிரம சமுத்திரமும் நெற்பயிருக்கு நீரூட்டும் பொருட்டு எழுந்தவை. அவை நெல்லொடு மீனும் நல்கும் வளநிலையங்களாகிய வரலாறோ மிக அண்மைக் காலத்தது. அதனைச் சுருங்க நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பரந்து ஆழ்ந்த இயற்கை ஏரிகள் இந்நாட்டில் இல்லை. ஆதலின் ஈண்டுள்ள நன்னீர் மீன்களுட் பல ஓடும் ஆற்றுநீருக்கு இயைந்தவை. தேங்கிய பெருங்குள நீரிற் பல்கிப் பெருகும் இயல்பு அவற்றுட் சிலவற்றுக்கே உண்டு. குளம் வற்றுங்கால் கிராமத்தார் விராலும் கெளுத்தியும் பிடித்துண்டனர். ஏனைய நாட்களிற் கடற்கரைக்குச் சேய்மையிலுள்ளோருக்குக் கருவாடே பெரிதும் கைகொடுத்தது.

இந்நிலையை மாற்றியது 1952ஆம் ஆண்டில் ஆபிரிக்காவுக்குரிய திலாப்பியா மீன் இந்நாட்டுக் குளங்களிற் புகுத்தப்பட்டமையாகும். நீரில் மிதக்கும் நுண்பாசியையும் அடியிற் படியும் மக்கிய பொருள்களையும் அது உண்ணும். குளத்தின் அடித்தரையிற் குழியமைத்து முட்டையிடும். தாய்மீன் முட்டைகளை வாயிலேந்திக் குஞ்சாகும்வரை காக்கும். எனவே, ஆண்டுதோறும் குஞ்சு விடாமலே அது தானாகப் பெருகியது. 1975இல் நைல் திலாப்பியாவும் வந்து சேர்ந்தது. குளக்கரைகளிற் புதியதொரு தொழில் தோன்றிற்று. கரையோரத்தினின்று குடிபெயர்ந்தோர் சிலரும், உள்ளூரார் பலரும் சிறு தோணிகளிற் சென்று செவுள்வலை வீசினர். காலையிற் பிடித்த மீனை வணிகர் துவிச்சக்கர வண்டிகளில் ஊரூராகக் கொண்டுசென்று விற்றனர்.

அரசும் இதற்குத் துணைநின்றது. தோணிக்கும் வலைக்கும் மானியம் வழங்கப்பட்டது. மீன்குஞ்சு உற்பத்தி நிலையங்கள் இந்திய, சீனக் கெண்டையினங்களை வளர்த்துக் குளங்களில் விட்டன. இவற்றின் பயனாக 1989ஆம் ஆண்டளவில் உள்நாட்டு மீன் உற்பத்தி ஏறத்தாழ 40,000 தொன்னை எட்டியது.

1990ஆம் ஆண்டில் இவ்வாதரவு முழுவதும் நிறுத்தப்பட்டது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோதல் தகாது என்னும் சமயக் கருத்தே இதற்குக் காரணமாயிற்று. கொல்லாமையைத் தலையாய அறமெனப் போற்றும் மரபில் வந்த நாம் அக்கருத்தினை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. எனினும், கடல் மீன்பிடிக்கு அளித்த ஆதரவு அவ்வாறு நிறுத்தப்படவில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும். ஆகவே, அவ்வறத்தின் சுமை முழுவதும் உள்நாட்டு ஏழையின் தோளிலேயே விழுந்தது.

அதன் விளைவுகள் ஆராயத்தக்கவை. பெருங்குளங்களில் திலாப்பியா தானே பெருகியமையால் மீன்பிடி அடியோடு அழியவில்லை. கெண்டைகளோ குளத்து நீரில் இனம்பெருக்குவன அல்ல. குஞ்சு விடுவோர் இன்மையின் அவை மறைந்தன. மாரி மழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் சிறு கிராமக் குளங்களின் நிலை இன்னும் மோசமானது. மாரியிற் குஞ்சு விட்டு, நீர் வற்றுமுன் மீனெடுப்பதே அங்குள்ள முறை. குஞ்சு இல்லையேல் விளைவும் இல்லை. மேற்பார்வையிடுவார் இன்மையிற் சிறுகண் வலைகளும் பெருகின. இனப்பெருக்கத்துக்கு முன்னரே இளமீன்கள் பிடிபட்டன. 1994க்குள் உற்பத்தி பாதிக்கும் கீழாக வீழ்ந்தது.

1994இல் ஆட்சி மாறியபின் ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்வழித் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை அமைந்து, 1999இல் தொழிற்படத் தொடங்கிற்று. இம்முறை அரசு மட்டும் செயலாற்றவில்லை. குளந்தோறும் மீனவர் சங்கங்கள் அமைந்தன. எத்துணைத் தோணி, எத்தகைய வலை, எப்பொழுது மீன்குஞ்சு விடுவது என்பவற்றை முடிவுசெய்வதில் அச்சங்களுக்கும் பங்களிக்கப்பட்டது. சிறு குளங்களிற் கமக்காரர் அமைப்புக்களே மீன் வளர்ப்பையும் மேற்கொண்டன. 2010இல் உற்பத்தி 50,000 தொன்னைக் கடந்தது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள் இரண்டு. ஒன்று, நிலையான மீன்செல்வம் நீரையும் மீனையும் மட்டும் சார்ந்ததன்று. குஞ்சு நிலையமும், வலைக்கண் விதியும், அவ்விதியைத் தம்முடையதெனக் கொண்டு காக்கும் மாந்தரும் ஒருங்கமைய வேண்டும். மற்றொன்று, குளம் ஒன்றாயினும் அதன் உரிமையாளர் பலர். துருசைத் திறப்பது கமக்காரனின் தேவைக்காக. நீர் முற்றும் இறங்கிவிடின் மீனவனின் வாழ்வு வற்றும். இருவரும் ஒரு சபையில் அமர்ந்து நீரளவைப் பேசித் தீர்க்கும் இடங்களிலேயே இருவர் நலனும் நிலைபெறும்.

நம் வன்னிப் பெருநிலத்திலும் இரணைமடுவும் கட்டுக்கரைக் குளமும் நெல்லையும் மீனையும் ஒருங்கே நல்குவன. அவற்றின் நீரை அளந்து பங்கிடுவோர், வயலின் கணக்கோடு வலையின் கணக்கையும் ஏட்டில் எழுதுதல் வேண்டும். 1990இல் அக்கணக்கு எழுதப்படவில்லை. அதன் இழப்பைத் தாங்கியவர்கள் குளக்கரையில் வாழ்ந்த எளிய மக்களே என்பதை வரலாறு மாணவர் மறத்தலாகாது.