அழிவுக் கடன்

வாழிடம் சிதைந்தபின் உடனே மறையாமல், காலம் தாழ்ந்து அழியவிருக்கும் இனங்களைக் குறிக்கும் சூழலியல் கலைச்சொல் அழிவுக் கடன். காடு சுருங்கிய அன்றே அதில் வாழ்ந்தவை எல்லாம் செத்துவிடுவதில்லை. முதிர்ந்த மரம் நிற்கும், பூக்கும்; ஆனால் மகரந்தம் சுமக்கும் பூச்சி வராது, விழுந்த விதை முளைத்தாலும் கன்று தேறாது.

1994இல் டேவிட் டில்மன், ராபர்ட் மே உள்ளிட்ட நால்வர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை இச்சொல்லைப் பரப்பியது. வாழிடம் துண்டுபடும்போது முதலில் நலிவது அரிய இனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போட்டியில் வல்லதாயினும் தொலைவுக்குப் பரவத் தெரியாத இனமும் முன்னதாகவே போகலாம் என்று அவர்களின் கணித மாதிரி காட்டியது. எஸ்டோனியாவின் சுண்ணாம்புப் புல்வெளிகள் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், அங்குள்ள செடியினங்களின் எண்ணிக்கை இன்றைய பரப்போடு பொருந்தவில்லை. 70 ஆண்டுக்கு முந்தைய பரப்போடு பொருந்தியது.

கேரளத்தின் கொச்சியிலும் இப்படிச் சுருங்கிய வாழிடங்கள் உண்டு. அங்கே மட்டாஞ்சேரிக் கரையில் நின்றால் எதிரே தெரிவது வில்லிங்டன் தீவு. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கிய நிலம் அது. துறைமுகமும் நகரமும் வளர வளரக் காயலோரக் கண்டல் காடுகள் திட்டுத் திட்டாகச் சுருங்கின. எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் எஞ்சியிருக்கும் மங்களவனம் 2.74 ஹெக்டேர்தான், 2004இல் பறவைகள் சரணாலயமானது. கடன் மறைந்திருக்க வாய்ப்புள்ள இடங்கள் இத்தகைய சிறு திட்டுகளே. அங்கே நிற்கும் மரங்களின் எண்ணிக்கையைவிட, அவற்றின் அடியில் வளரும் கன்றுகளின் எண்ணிக்கையே அதிகம் சொல்லும்.

கடன் தீரும் வேகம் உயிரின் ஆயுளைப் பொறுத்தது.

குட்டநாட்டு நெல்வயல்களில் உப்புநீர் ஏறாமலிருக்க 1970களில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை எழுந்தது. மலையாளத்தில் ஆற்றுக்கொஞ்சு எனப்படும் பெரிய நன்னீர் இறால் முட்டை பொரிக்க உவர்நீருக்கு இறங்கி வரவேண்டும். குஞ்சுகள் மேலேறித் திரும்ப வேண்டும். தடுப்பணையின் மதகு அடைபட்டதும் அந்தப் பாதை அறுந்தது. ஆயுள் குறைந்த இறாலின் வரத்துக் குறைவு மீனவர் வலையில் விரைவிலேயே தெரிந்தது. மரங்களோ தலைமுறைக் கணக்கில் நிற்பவை. 1835இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் சேகரித்த இலுப்பை இனமொன்று, 180 ஆண்டுகளுக்கும் மேல் காணாதிருந்து, 2020இல் கொல்லம் மாவட்டக் கோயில் காவு ஒன்றில் ஒற்றை மரமாகக் கண்டறியப்பட்டது.

ஓரிடத்தில் ஓர் இனம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அது பிழைத்துவிட்டதற்குச் சான்றாகாது. ஆகவே பாதுகாப்புத் திட்டங்கள் இனங்களின் பட்டியலோடு நிற்காமல் கன்றுகளையும் குஞ்சுகளையும் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. மறுபுறம், தாமதம் என்பது அவகாசமும்கூட. துண்டுகளை இணைத்து வாழிடத்தை விரித்தால் கடனின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய முடியும். எஸ்டோனியாவில் சுமார் 2,500 ஹெக்டேர் புல்வெளி இவ்வாறு மீட்கப்பட்டது. 2002இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வேம்பநாட்டில், கடனை எப்படித் தள்ளுபடி செய்வது என்ற கேள்வி தடுப்பணை மதகின் நாட்காட்டியாக வந்து நிற்கிறது: அறுவடை முடியும்வரை மூடியிருக்கட்டும் என்பர் உழவர், சீக்கிரம் திறக்க வேண்டும் என்பர் மீனவர்.