சக்கரத்துக்குள் ஒரு காவலன்

சிங்கப்பூரின் தென்பகுதியில் அமைந்துள்ள புக்கிட் மேரா, மலாய் மொழியில் செங்குன்று எனப் பொருள்படும் பெயரைத் தாங்கி நிற்பது. அதனை அடுத்த லெங் கீ சாலையிலும் அலெக்சாண்ட்ரா சாலையிலும் கார் விற்பனைக் கூடங்களும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் நிரம்ப உள்ளன. இத்தகைய பட்டறைகளில் தேய்ந்த டயரைக் கழற்றும் தொழிலாளி, பல கார்களில் ரிம்மின் உட்புறம், வால்வின் அடியில், தீப்பெட்டி போன்ற சிறு கருவி ஒன்றைக் காண்கிறார். காற்றழுத்த உணரி என்பது அதன் பெயர். புதிய டயரைப் பூட்டும்போது இவ்வுணரியையும் மாற்ற வேண்டுமா என்ற வினா அங்கே எழுகிறது. வினா சிறியது, ஆயினும் அதன் பின்னே நிற்கும் வரலாறு பெரியது. தமிழர் உழைப்பும் அவ்வரலாற்றில் கலந்துள்ளது.

சங்ககாலத் தமிழர் தேர்ச்சக்கரத்தின் உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். நடுவில் அமைந்தது குறடு, அதனின்று விரிந்தவை ஆர்கள், வெளிவட்டம் சூட்டு. அச்சக்கரத்தில் மரமும் இரும்பும் இருந்தன, காற்று இல்லை. சக்கரத்தைச் சுற்றிக் காற்றை அடைத்துவைக்கும் எண்ணத்திற்கு 1845-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன். ஆனால் அவருடைய கண்டுபிடிப்பை உலகம் மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதே எண்ணத்தை மீண்டும் செயற்படுத்தினார். 1895-இல் மிஷெலின் உடன்பிறப்புகள் பாரிசுக்கும் போர்தோவுக்கும் இடையே நடைபெற்ற பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினர். டயர்கள் பன்முறை வெடித்தன. ஆயினும் கார் காற்றின்மேல் ஓட முடியும் என்பது உறுதியாயிற்று.

காற்றை அடைக்க ரப்பர் வேண்டும். அத்தேவையே சிங்கப்பூரை இவ்வரலாற்றின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. 1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுசென்ற விதைகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் பயிரிடுமாறு அவர் தோட்டக்காரர்களை ஓயாது வற்புறுத்தியமையால் 'பித்தர் ரிட்லி' என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. கார்கள் பெருகியபோதோ, பித்தர் எனப்பட்டவரின் சொல்லே மலாயாவின் பொருளாதாரம் ஆயிற்று.

அப்பொருளாதாரத்தைத் தாங்கிய கைகளுள் பெரும்பகுதி தமிழர் கைகளாகும். கங்காணி முறையில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள், விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மரம் மரமாகச் சென்று பட்டை சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்தனர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை தொழிலாளர்கள் இவ்வாறு கடல் கடந்து வந்தனர். அவர்கள் திரட்டிய பால் சிங்கப்பூர், பினாங்குத் துறைமுகங்கள் வழியே மேலைநாட்டுத் தொழிற்சாலைகளை அடைந்து டயராக உருக்கொண்டது. அதன்மேல் ஓடிய காரில் ஏறி அமரும் வாய்ப்பு அவர்களுள் எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கும்?

காற்றை அடைத்தாயிற்று. அது குறைந்தால் அறிவது எவ்வாறு? 1893-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஷ்ரேடர் வால்வு, காற்றை உள்ளே விடவும் வெளியேறாமல் தடுக்கவும் வழி செய்தது. அழுத்தமானியை அவ்வால்வில் வைத்து ஓட்டுநர் அளந்து பார்த்தார். ஆனால் அளக்க மறந்தவரை எச்சரிக்க வல்லது எதுவும் நெடுங்காலம் இல்லை. 1986-இல் வெளிவந்த போர்ஷ 959 என்னும் காரிலேதான் டயரின் அழுத்தத்தைக் கண்காணித்து ஓட்டுநருக்கு உணர்த்தும் அமைப்பு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. செல்வர்க்குரிய அவ்வசதி எல்லாருக்கும் உரியதாவதற்குப் பேரிடர் ஒன்று நிகழ வேண்டியிருந்தது.

1990-களில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பூட்டப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் சில, விரைந்து ஓடும்போதே மேல்பகுதி கழன்று பிரிந்தன, வண்டிகள் கவிழ்ந்தன. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏறத்தாழ 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இவ்விபத்துகளில் 270-க்கும் மேற்பட்டோர் மாண்டதாக அமெரிக்க அரசின் பதிவுகள் கூறுகின்றன. வண்டி நிறுவனம் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு அழுத்தம் போதுமென்றது; டயர் நிறுவனம் 30 பவுண்டு வேண்டுமென்றது. டயரின் அமைப்பிலேயே குறை இருந்ததென்றும் வண்டியின் அமைப்பே காரணமென்றும் வழக்காடினர். காரணம் பலவாயினும் ஒன்றில் ஐயமில்லை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்குகிறது, மடங்குவதால் சூடேறுகிறது, சூடு மிகுந்தால் அடுக்குகளின் பிணைப்புத் தளர்கிறது. பாரமும் விரைவும் கூடினால் கேடு விரைகிறது. மயிலிறகாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் உணர்த்தியதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வாண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் பயனாக 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டின் புதிய கார்கள் அனைத்திலும் அழுத்த எச்சரிக்கை அமைப்புக் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் அது விதியாயிற்று.

புக்கிட் மேரா என்னும் பெயருக்கு மலாய் வரலாற்று நூலாகிய 'செஜாரா மெலாயு'வோடு தொடர்புடைய கதை ஒன்று வழங்கி வருகிறது. கடற்கரையில் வாள்மீன்கள் பாய்ந்து மக்களைக் கொன்றபோது, வாழைத்தண்டுகளை அரணாக நட்டால் அவற்றின் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் கூறினான். ஊர் பிழைத்தது. அச்சிறுவனின் அறிவுக்கு அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். அவன் சிந்திய குருதியால் குன்று சிவந்தது என்பர். கதை மெய்யோ புனைவோ, அது உணர்த்தும் செய்தி மெய்: சிறியவர் உரைக்கும் எச்சரிக்கையை மனிதர் எளிதில் மதிப்பதில்லை.

டயருக்குள் இருக்கும் உணரியின் நிலையும் இதுவே. அதன் மின்கலம் கருவியோடு சேர்த்து மூடி அடைக்கப்பட்டது. தனியே மாற்ற இயலாது. பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் அது ஓய்ந்துவிடும். டயரைக் கழற்றாமல் உணரியைத் தொட முடியாது. ஆகவே ஏழெட்டு ஆண்டு பழகிய உணரியைப் புதிய டயருக்குள் அப்படியே விட்டால், அது ஓயும் நாளில் மீண்டும் டயரைக் கழற்றவும் கூலி கொடுக்கவும் நேரும். நல்ல நிலையில் உள்ள இளைய உணரியை மாற்றத் தேவையில்லை. வால்வைச் சார்ந்த ரப்பர் வளையம், உள்ளூசி, திருகுமறை, மூடி ஆகியவற்றைப் புதுப்பித்தால் போதும். புதிய உணரி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அதனைக் காரின் கணினி அறியுமாறு செய்தாலன்றி எச்சரிக்கை வாராது. சில கார்களில் சக்கரத்துள் உணரியே இராது. காற்றிழந்த சக்கரம் ஆரம் குறைந்து சற்று விரைந்து சுழலும். அவ்வேறுபாட்டைக் கொண்டே கணினி குறையை அறியும். அவற்றிலும் டயர் மாற்றியபின் அமைப்பை மீண்டும் தொடங்கி வைத்தல் வேண்டும்.

சிங்கப்பூரில் 1990 மே மாதம் தொடங்கிய ஒதுக்கீட்டு முறைப்படி காரின் உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்கு உரியது. மின்கலத்தின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவே. சான்றிதழைப் புதுப்பித்து அதே காரை மேலும் ஓட்ட விரும்புவோர், உணரியின் வயதையும் கணக்கிடுதல் அறிவுடைமை ஆகும். எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் அதனை இடையூறாகக் கருதி மறைத்துவிட்டு ஓட்டுவோரும் உளர். அவர்கள் சிறுவனின் சொல்லைக் கேட்டும் அவனைக் கொன்ற அரசனை ஒத்தவர்.

எனினும் உணரியை மட்டும் நம்பியிருத்தலும் தவறு. அமெரிக்க விதியின்படி, குறித்த அழுத்தத்தில் கால் பங்கு குறைந்த நிலையில்தான் விளக்கு எரிய வேண்டும். அதற்குமுன் ஏற்படும் சிறு குறைவை அது சொல்லாமலும் இருக்கலாம். ஆதலால் மாதம் ஒருமுறை, கார் ஓடிச் சூடேறாத நேரத்தில், அழுத்தமானியால் அளந்து பார்த்தல் நன்று. தோட்டத்துத் தமிழர் விடியற்காலையில் சிந்திய வியர்வை, ஆய்வாளர் அறிவு, இறந்தோர் விட்டுச்சென்ற பாடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இன்றைய சக்கரத்தை உருட்டுகின்றன. அச்சக்கரத்துக்குள் அமர்ந்துள்ள சிறு காவலனுக்குச் செவிகொடுப்பது, அம்மூன்றுக்கும் செய்யும் மரியாதையாகும்.