சையது நயீமுத்தீன்: தடுப்பாட்டக்காரரும் பயிற்சியாளரும்

சையது நயீமுத்தீன் (பிறப்பு 1944) ஐதராபாத்தைச் சேர்ந்த இந்தியக் கால்பந்து வீரர், பின்னாளில் பயிற்சியாளர். ஆடுகளத்தில் தடுப்பாட்டக்காரராக விளங்கிய இவர், 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பெற்ற கடைசிப் பதக்கம் அதுவே. 1970இல் வீரராக அர்ஜுனா விருதையும், 1990இல் பயிற்சியாளராகத் துரோணாச்சாரியார் விருதையும் பெற்றார். கால்பந்துப் பயிற்சிக்காகத் துரோணாச்சாரியார் விருது பெற்ற முதல் நபர் இவர்தான்.

பின்னணி

இந்தியா 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் ஐதராபாத்தின் சையது அப்துல் ரகீம். அவர் வளர்த்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி நாடெங்கும் அஞ்சப்பட்ட அணியாக இருந்தது. ரகீம் 1963இல் மறைந்தார். அந்த மரபில் வந்த அடுத்த தலைமுறையினரில் ஒருவர் நயீமுத்தீன். அன்று கால்பந்தை நம்பி வாழ விரும்பியவர் கொல்கத்தாவுக்குத்தான் செல்ல வேண்டும். நயீமுத்தீனும் அங்கே சென்று ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். நாமக்கல்லில் பிறந்த தடுப்பாட்டக்காரர் நல்லப்பன் மோகன்ராஜ் பல பத்தாண்டுகள் கழித்து மோகன் பகானுக்கு ஆடியதை எண்ணினால், அந்தப் பாதை எவ்வளவு நீண்ட காலம் மாறாமல் இருந்தது என்பது விளங்கும்.

பாங்காக், 1970

பாங்காக்கில் இந்தியா அரையிறுதியில் பர்மாவிடம் தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது ஜப்பான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றிருந்த நாடு அது. அந்த ஆட்டத்தில் இந்தியா 1–0 என வென்றது. ஒரே கோலை வைத்துக்கொண்டு கடைசிவரை தாக்குப்பிடிப்பது தடுப்பாட்டக்காரர்களின் உழைப்பால் நடப்பது. நயீமுத்தீனும் சுதிர் கர்மாக்கரும் அந்தப் பின்வரிசையின் முக்கிய வீரர்கள்.

பயிற்சியாளராக

கண்டிப்புக்கும் உடல்தகுதிப் பயிற்சிக்கும் பெயர்போன பயிற்சியாளர் நயீமுத்தீன். 1990இல் இவர் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் ஐ.எஃப்.ஏ. கேடயம், டூரண்ட் கோப்பை, ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றது. வங்கதேசத்தில் டாக்காவின் பிரதர்ஸ் யூனியன் கழகத்துக்கும் இவர் பயிற்சியளித்துள்ளார்.

தேசிய அணியின் பொறுப்பை ஒருமுறைக்கு மேல் ஏற்றார். இவர் பயிற்சியில் இந்தியா 1997இல் காத்மாண்டுவிலும், 2005 டிசம்பரில் கராச்சியிலும் தெற்காசியக் கோப்பையை வென்றது. கராச்சி இறுதியாட்டத்தில் வங்கதேசத்தை 2–0 என வீழ்த்தியது.

யோகோகாமா, 2006

கராச்சி வெற்றிக்குப் பின் மூன்று மாதங்கள்கூட நிறையவில்லை. 2006 பிப்ரவரி 22 அன்று ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஜப்பானை அதன் மண்ணில் இந்தியா சந்தித்தது. முடிவு 0–6. அடுத்து ஏமனிடமும் சொந்த மண்ணில் 0–3 எனத் தோற்றது. நயீமுத்தீன் பதவி இழந்தார். இங்கிலாந்தின் பாப் ஹவுட்டன் பொறுப்பேற்றார். ஆனால் அந்தத் தகுதிச்சுற்றின் ஆறு ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. ஆகவே தவறு ஒருவருடையது மட்டுமல்ல.

அணித்தலைவராக ஜப்பானை 1–0 என வென்றவரே பயிற்சியாளராக அதே நாட்டிடம் 0–6 எனத் தோற்றார். இடைப்பட்ட 35 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதே இவர் வாழ்க்கை எழுப்பும் வரலாற்றுக் கேள்வி. ஜப்பான் 1965இலேயே தேசிய லீக்கைத் தொடங்கி, 1993இல் அதைத் தொழில்முறை ஜே லீக்காக மாற்றியது; 1998இல் உலகக் கோப்பையில் நுழைந்தது. இந்தியாவில் நாடு தழுவிய லீக் 1996இல்தான் தொடங்கியது. அதுவரை மாநிலப் போட்டிகளும், சில வாரங்களில் முடியும் கோப்பைப் போட்டிகளுமே நம் வீரர்களின் பள்ளி. சில வாரப் பயிற்சி முகாமில் ஒரு பயிற்சியாளர் ஒழுக்கத்தையும் உடல்வலிமையையும் கூட்டலாம். தெற்காசிய அளவில் அது வெற்றியும் தரும். பத்து வயதிலிருந்து ஆண்டு முழுவதும் முறையாக ஆடி வந்தவர்களோடு மோதும்போது அது போதாது.

தொடர்ச்சி

கராச்சி இறுதியாட்டத்தில் கோல் அடித்தவர்களில் ஒருவர் மகேஷ் கௌலி. கோவாவைச் சேர்ந்த இவரும் தடுப்பாட்டக்காரர். இவரும் பின்னர் பயிற்சியாளரானார். 2023 ஜூலை 4 அன்று பெங்களூரில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தில், தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் தடை காரணமாகக் களத்தோரம் நிற்க முடியவில்லை. துணைப் பயிற்சியாளரான கௌலியே அணியை வழிநடத்தினார். குவைத்தைப் பெனால்டி முறையில் வென்று இந்தியா கோப்பையைக் கைப்பற்றியது. பாங்காக் பதக்கத்துக்கு இணையான ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.