படக்குறிப்பில் இல்லாத பெயர்கள்

பத்திரிகைக்கு ஒரு படம் வந்தால் ஆசிரிய பீடத்தில் முதலில் எழும் கேள்வி, "படத்தில் இருப்பவர் யார்?" என்பதுதான். இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறித்த பின்னரே படம் அச்சுக்குப் போகும். பல்லாண்டுப் பழக்கமான இக்கேள்வியோடு இலங்கையின் புகழ்பெற்ற உருவப்படங்கள் சிலவற்றை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அவற்றை எடுத்தவர் லயனல் வென்ட்.

வென்ட் 1900 டிசம்பரில் கொழும்பில் பிறந்தார். தந்தை பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். இலண்டனில் சட்டமும் பியானோவும் பயின்று 1924இல் நாடு திரும்பிய மகன், சட்டத்தை விட்டு இசையில் ஈடுபட்டார். 1930களில் கமெரா அவரை முழுமையாக ஆட்கொண்டது. பசில் ரைட்டின் 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் ஒலிக்கும் வர்ணனைக் குரல் அவருடையதே. நவீன ஓவியர்களின் '43 குழு' 1943 ஓகஸ்ட் 29ஆம் திகதி அவரது இல்லத்திலேயே உருவானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். அவரது நெகட்டிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன. எஞ்சிய பிரதிகளிலிருந்து ஒரு தொகுப்பு நூல் 1950இல் இலண்டனில் வெளியானது.

அவர் எடுத்த படங்களில் இளைஞர்களின் உடல்களும் முகங்களும் பெரும் பங்கு வகிக்கின்றன. மீனவர், உழைப்பாளர், ஆடையற்று ஒளியிலும் நிழலிலும் நிற்போர் எனப் பலர். இன்றைய கலை வரலாற்றாசிரியர்கள் இப்படங்களில் தன்பாலீர்ப்பின் பார்வையைக் காண்கிறார்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அத்தகைய உறவைக் குற்றமாக்கியிருந்த நாட்டில் இவை எடுக்கப்பட்டன என்பதையும் மறக்கலாகாது. ஆனால் எனது தொழிற்கேள்விக்கு வருவோம். வென்டின் ஓவிய நண்பர் ஜோர்ஜ் கீற்றின் பெயர் வரலாற்றில் உண்டு. அந்த இளைஞர்களுக்கோ பெரும்பாலும் பெயரில்லை. கொழும்பின் செல்வர் வீட்டுக் கலைஞருக்கு அவரது வர்க்கமே அரணாக இருந்தது. கமெராவின் முன் நின்றவருக்கு அந்த அரண் இல்லை. பெயரின்மை அவரைக் காத்திருக்கலாம். அதுவே அவரை வரலாற்றிலிருந்து நீக்கியும் விட்டது.

அண்டை நாட்டில் இதே பெயரின்மை வேறு பொருளில் வருகிறது. புதுடில்லியில் பிறந்த சுனில் குப்தா 1980களின் பிற்பகுதியில் அந்நகரின் தன்பாலீர்ப்பு ஆண்களை 'எக்ஸைல்ஸ்' என்ற தொடராகப் படமெடுத்தார். இந்தியா கேற், ஹவுஸ் காஸ் என்று படங்களுக்கு இடத்தின் பெயரே தலைப்பு. சில படங்களில் முகமும் மறைந்திருக்கும். 377ஆம் பிரிவு நடைமுறையில் இருந்த காலம் அது. அங்கே பெயரை விட்டது, நின்றவரைக் காப்பதற்காக.

எங்கள் கரைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள் மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை வீடுகளோடு அல்பங்களையும் கொண்டுபோயிற்று. இறந்த பிள்ளையின் ஒரேயொரு படத்துக்காக உறவினர் வீடு வீடாக அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு முகம் பதிவாகியிருப்பதன் பெறுமதியை இவ்வூர் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இப்பகுதியிலும் கவிதை எழுதும், குறும்படம் எடுக்கும் இளையோர் இருக்கிறார்கள். அவர்களில் தன்பாலீர்ப்புடையோர் தம்மைப் படமெடுக்க விரும்பினால், கல்முனையில் பகிரப்பட்ட படம் அஸர் தொழுகைக்குள் அக்கரைப்பற்றை எட்டிவிடும். சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றத்தைப் பெண்களுக்கும் விரித்தது. அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் கூறியும் அச்சட்டமூலம் நிறைவேறவில்லை. மார்க்கத்தின் நிலைப்பாட்டைப் பேச உலமாக்கள் இருக்கிறார்கள். அது என் துறையன்று. ஒருவருடைய படம் அவருக்கே ஆயுதமாகத் திரும்பக் கூடாது என்பது மட்டும் என் துறைக்குள் அடங்கும்.

ஆகவே இப்படங்களை எடுப்போருக்குப் பழைய பத்திரிகைக்காரன் சொல்லக்கூடியது ஒன்றே. பெயரை எழுதி வையுங்கள், படத்தோடு வெளியிடாதீர்கள். எப்போது, எங்கே, எவருக்கு அந்தப் பெயரைத் திறப்பது என்பதை நின்றவர் தீர்மானிக்கட்டும். வென்டின் இளைஞர்களிடம் எவரேனும் அப்படிக் கேட்டு எழுதி வைத்திருந்தால், அவர்கள் யாருடைய பிள்ளைகள், எவ்வூரார் என்பது இன்று நமக்குத் தெரிந்திருக்கும்.